புரிஞ்சுதா சார்?

சாயங்கால நடை முடிந்ததும் நாங்கள் ஐந்தாறு கிழங்கள் பூங்கா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வம்பளப்பது உண்டு என்று முன்பே எழுதியிருக்கிறேன். போன வாரம் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கூத்துப்பட்டறையில் வந்து நின்றது. எங்களில் ஒருவருடைய பேரன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, அந்த மாதிரி ஏதாவது ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து நடிப்புக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறானாம். அவ்வளவுதான், பெஞ்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கேயிருந்து வந்தவங்கதான். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவராம். பையனை விடுங்க சார், போகட்டும்" என்று ஒரு கட்சி.

"அது என்ன நாடகம் சார்? தவழறான், உருள்றான், ஊளையிடறான். வசனம் எங்கே? கதை எங்கே? நானே ஒரு தடவை பார்த்து நொந்திருக்கேன்" என்று இன்னொரு கட்சி.

இரண்டாவது கட்சியின் தலைவர் எனக்கு முப்பத்தைந்து வருட நண்பர். ஒரே ஆபீஸ், அடுத்தடுத்த மேஜை. அவரை அந்த நாடகத்துக்கு அழைத்துப்போனவன் நான்தான். ஆகையால் இதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. பெஞ்சில் சொல்ல முடியவில்லை, அவருக்குக் குரல் பெரிது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக நாலு வரி. கூத்துப்பட்டறையைச் சென்னையில் 1977-ல் தொடங்கியவர் ந. முத்துசாமி. மாயவரம் பக்கம் புஞ்சை என்ற கிராமத்துக்காரர். 'எழுத்து' பத்திரிகைக் காலத்துச் சிறுகதைக்காரர், பிறகு நாடகத்துக்கு வந்தார். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த இவர், எங்கள் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தைப் பார்த்து மயங்கி, தமிழனுக்கென்று ஒரு நாடகம் உண்டென்றால் அது இதுதான் என்று வாதாட ஆரம்பித்தார். அதைப்பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 'அன்று பூட்டிய வண்டி' என்று புத்தகமாகவே வந்திருக்கிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானைக் கொண்டு பட்டறைப் பிள்ளைகளுக்குக் கூத்து சொல்லிக் கொடுக்க வைத்தார். சிலம்பம், களரி, தேவராட்டம், யோகா என்று உடம்பைப் பழக்கினார். பழகிய உடம்புகளைக்கொண்டு தன்னுடைய நாடகங்களையும் பிறர் நாடகங்களையும் போட்டார். 2012-ல் பத்மஸ்ரீ வந்தது. 2018 அக்டோபரில் காலமானார்.

நாங்கள் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு சின்ன அரங்கு. நான், என் மனைவி, நண்பர். டிக்கெட் என் செலவு. நண்பர் மட்டும் மைலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்தார். இந்த ஆட்டோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் சாதாரண நாடக ரசிகர் இல்லை. சபா நாடகத்தில் ஊறியவர். வாணி மகால், ரசிக ரஞ்சனி, பார்த்தசாரதி சபா என்று வாரத்துக்கு இரண்டு நாடகம் பார்த்த காலம் உண்டு. சோவின் அரசியல் நையாண்டி, காத்தாடி ராமமூர்த்தி, மௌலி, பிறகு கிரேசி மோகன், எஸ்.வி. சேகர் என்று ஒவ்வொருவருடைய வசனத்தையும் மேஜைக்கு மேஜை ஒப்பிப்பார். ஆபீஸ் ஆண்டு விழாவில் அவர் போட்ட நாடகத்துக்கு நான் பிராம்ப்டர். திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வசனம் எடுத்துக் கொடுத்தவன்.

அன்று மேடையில் திரை இல்லை. செட் இல்லை. சோபா இல்லை, டெலிபோன் இல்லை. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள், இரண்டு மூன்று பெண்கள். எல்லோரும் ஒரே மாதிரி உடை. நின்றார்கள், குனிந்தார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினார்கள், வட்டமாக ஓடினார்கள். நடுநடுவே முத்துசாமியின் வசனம் வந்தது. சாதாரணத் தமிழ்தான், ஒவ்வொரு வாக்கியமும் தனியாகக் கேட்டால் புரிகிறது. சேர்த்துக் கேட்டால் கையில் பிடிபடவில்லை. அரைமணி நேரத்தில் நண்பர் என் காதருகே வந்து, "இது எப்போ ஆரம்பிக்கும்?" என்றார். முக்கால் மணியில் எழுந்து போய்விட்டார். இருட்டில் இரண்டு பேர் காலை மிதித்துக்கொண்டு.

நாடகம் முடிந்து வெளியே வந்தோம். வாசலிலும் இரண்டு கட்சி. ஜோல்னாப்பை போட்ட ஒருவர், நண்பர் எழுந்துபோனதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, என்னிடம் வந்து, "சபா ஆட்களை எல்லாம் இங்கே கூட்டிக்கிட்டு வராதீங்க சார். இதுக்கெல்லாம் ஒரு தயாரிப்பு வேணும்" என்றார். இன்னொரு பெரியவர், எனக்கு அறிமுகமே இல்லாதவர், என் தோளைத் தொட்டு மெதுவாக, "புரிஞ்சுதா சார்?" என்று கேட்டார். இல்லை என்று நான் சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "கொஞ்சம்" என்றேன். பாவம், முகம் வாடிவிட்டது.

இந்த இரண்டு பேர்மேலும் எனக்கு வருத்தம் உண்டு, பையாண்டிமேல் கொஞ்சம் அதிகமாகவே. ஆபீசில் எட்டு மணிநேரம் மாரடித்துவிட்டு, கையைவிட்டுக் காசு செலவழித்து வருகிறவனிடம் போய், உனக்குத் தகுதி பற்றாது என்று எந்தக் கலைக்காரனும் சொல்லக்கூடாது. அவன் ரசிகனாக இருந்தாலும் சொல்லக்கூடாது. புரியவில்லை என்பது ஒரு குற்றமில்லை.

ஆனால் நண்பருக்கு ஏன் புரியவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் மூளைக்குக் குறைவில்லை, எங்கள் ஆபீசிலேயே கெட்டிக்காரர் அவர்தான். நாம் எல்லோரும் நாடகத்தைக் காதால் பார்த்தே பழகியவர்கள். இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு முழு சினிமாவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, படம் பார்த்தாகிவிட்டது என்று எழுந்துபோனவர்கள் நாம். சபா நாடகங்கள் கேசட்டில் வந்து சக்கைப்போடு போட்டன. கல்யாண வீட்டில் அதைப் போட்டுவிட்டுப் பந்தியில் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். அந்தக் கேசட்டில் நாடகம் முழுசாகக் கிடைத்தது என்றால், நடிகன் உடம்பு அதில் என்ன வேலை செய்தது? உள்ளே வருவான், சோபாவில் உட்காருவான், மைக்குக்கு நேராக வந்து பேசுவான். மைக் தொங்கும் இடம் பார்த்து நிற்கவேண்டும் என்பதுதான் நான் பார்த்த அமெச்சூர் நாடகத்தில் முதல் பாடம், கடைசிப் பாடம். ஆர்.எஸ். மனோகர் நாடகங்களில் கண்ணுக்கு விருந்து உண்டு, மறுக்கவில்லை. 'இலங்கேஸ்வரன்' தந்திரக் காட்சிகளை யார் மறப்பார்கள்? ஆனால் அது செட்டுக்குக் கிடைத்த கைதட்டல்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வசன நாடகம் நல்ல சரக்கு, எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். காதுக்கு இவ்வளவு பழக்கம் கொடுத்துவிட்டு, ஒருநாள் திடீரென்று கண்ணைத் திற என்றால் கூசத்தானே செய்யும்?

எனக்கு ஏன் "கொஞ்சம்" புரிந்தது என்பதையும் சொல்லவேண்டும். இதை இதுவரை எழுதியதில்லை.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. கடைசியில் படுகளம், தீமிதி. கூத்து ராத்திரி பத்து மணிக்குமேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதன் பின்னாலிருந்து ராஜா பாடிக்கொண்டே வருவார். திரைக்குமேல் கிரீடம் மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். திரை விலகியதும் புஜத்தில் கட்டிய கட்டைகளும் முகத்தில் அரிதாரமுமாக ஆள் சக்கரம் மாதிரிச் சுழலுவார். கண்ணாடிச் சில்லுகளில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். முகவீணை காதைக் கிழிக்கும். துகில் காட்சியில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார், அந்தப் பாவம் தனக்கு வரக்கூடாது என்று. கும்பிட்ட அதே கை அடுத்த நிமிஷம் கூந்தலைப் பிடிக்கும்போது, எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள்.

எங்கள் அப்பா கணக்குப்பிள்ளை. கூத்துப் பார்ப்பது எங்கள் வீட்டுக்கு இழுக்கு. "கூத்தாடிப் பயலுகளோட உனக்கு என்னடா?" என்று புளியம் விளாரால் அடித்திருக்கிறார். கூத்தாடி என்பது எங்கள் வீட்டில் வசவு. நான் அம்மாவைத் தாஜா பண்ணி, பின்பக்கமாகச் சுவர் ஏறிக் குதித்துப் போய்விடுவேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒரு பையன் கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. எட்டாவதோடு நின்றுவிட்டான், பெண் வேஷம் கட்ட ஆரம்பித்தான். அவன் திரௌபதியாக வந்து நிற்கும்போது, என்னோடு கோலி விளையாடினவன் என்று எனக்குத் தோன்றவே தோன்றாது. இடுப்பு ஒடியும் விதம், முந்தானையை இழுத்துச் செருகும் விதம் எல்லாமே வேறு ஆளுடையது.

எழுபதுகளில் ஒருநாள் அவன் என் ஆபீசுக்கு வந்தான். பட்டணத்தில் ஏதோ ஒரு விழாவுக்குக் கூத்து ஆட அவர்கள் ஜமாவை அழைத்திருந்தார்கள். நீண்ட தலைமுடியை முடிந்துகொண்டு, மீசையில்லாமல், மஞ்சள் பையோடு என் மேஜைக்கு எதிரில் நின்று, "சாயங்காலம் வா, கர்ண மோட்சம் கட்டறோம்" என்றான். சுற்றிலும் ஆபீஸ். யாரோ ஒருவர், "யாரு சார் இது?" என்றார். "ஊர்க்காரர்" என்றேன். சிநேகிதன் என்று வாயில் வரவில்லை. காபி வாங்கிக் கொடுத்தேன், கான்டீனில் இல்லை, வெளியே ரோட்டுக் கடையில். சாயங்காலம் போகவும் இல்லை. ஓவர்டைம் இருந்தது என்று பிறகு கடிதம் எழுதினேன். ஓவர்டைம் இல்லை.

இப்போது நுங்கம்பாக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். நண்பர் எழுந்துபோன பிறகு, ஒரு பையன், நன்றாகப் படித்தவன் என்று பார்த்தாலே தெரிகிற பையன், மேடையின் நடுவில் அதே சக்கரச் சுழற்சியை ஆடினான். கிரீடமில்லை, கட்டையில்லை, சலங்கைகூட இல்லை. வெறும் உடம்பு. எனக்குத் தொண்டையை அடைத்தது. ஏ.சி. அறையில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போதே ஒரு கோபம். இதே சுழற்சியை ஆடினவனை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்திருப்போமா? நானே ரோட்டுக் கடையில்தானே நிற்க வைத்தேன்?

இந்தக் கோபம் கூத்துப்பட்டறைமேல் இல்லை. முத்துசாமி கூத்துக்காரரை ஆசிரியராக வைத்துப் படித்த பிள்ளைகளை அவர் காலைத் தொட வைத்தவர். அது சின்ன விஷயமில்லை, எங்கள் ஊர்ப்பக்கத்தான் எனக்கு அதன் எடை தெரியும். கூத்து என்ற சொல்லையே தன் பெயரில் முதலில் வைத்துக்கொண்டாரே, அதற்கே ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது.

ஆனால் அவர் நாடகத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கூத்துப் பார்க்க வருகிறவனுக்குக் கதை முன்பே தெரியும். திரௌபதிக்கு என்ன ஆகும், கர்ணன் எப்படிச் சாவான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கதை தெரிந்ததால்தான் அவனுக்கு ஆட்டத்தைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. நடுவில் தூங்கலாம், எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம், ஒன்றும் குடி முழுகாது. போதாததற்குக் கட்டியங்காரன் வேறு இருக்கிறான். ராஜாவையே நிறுத்தி "யாரய்யா நீ, எந்த ஊரு, எதுக்கு வந்தே?" என்று கேட்டு நமக்காக எல்லாம் வாங்கிக் கொடுத்துவிடுவான். ஆட்டக்காரன் எவ்வளவு தூரம் பறந்தாலும் கட்டியங்காரன் நம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கூத்திலிருந்து உடம்பை எடுத்துக்கொண்டவர்கள் கதையை விட்டுவிட்டார்கள். புதிய நாடகத்தில் கதை புதிது, அல்லது கதையே இல்லை. உடம்பும் புதிது. இருட்டு வேறு. எழுந்துபோனால் மரியாதைக் குறைவு. பார்க்கிறவன் எதைப் பிடித்துக்கொள்வான்? நண்பருக்கு அன்று ஒரு கட்டியங்காரன் கிடைத்திருந்தால் இன்னும் அரைமணி உட்கார்ந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் குழுவை ரசிக்கிறவர்கள் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். கையைப் பிடித்து அழைத்துப்போவது கலைக்குக் கேவலமாம். விடிய விடிய ஆடுகிற எங்கள் ஊர்க் கலைக்கு அது கேவலமாக இருந்ததில்லை.

நண்பர் கட்சி வழக்கமாக எடுக்கும் இன்னொரு ஆயுதம், வெளிநாட்டுப் பணம். எண்பதுகளின் கடைசியில் ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவி வந்து, நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரமாகப் பயிற்சி நடந்தது. அமெரிக்கக் காசில் தமிழ்க் கூத்தா என்று அப்போதே பலர் கேட்டார்கள். நான் மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவன். ஒன்றாம் தேதி கையில் ஏதோ வரும் என்றால் மனிதன் எவ்வளவு நிமிர்ந்து நிற்பான் என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் நாடக நடிகனுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கொஞ்ச காலமாவது இருந்தது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். சபா நாடகம் மட்டும் காற்றையா குடித்து வளர்ந்தது? மெம்பர்கள் சந்தாவும் கம்பெனி விளம்பரமும்தானே?

சினிமா வாதம் எனக்குப் பிடிக்காது, அது என் கட்சிக்காரர்கள் சொன்னாலும். நாடகத்துக்குச் சினிமாவில் போய் சர்டிபிகேட் வாங்கவேண்டுமா என்ன? ஆனாலும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2004-ல் 'விருமாண்டி' பார்த்துவிட்டு வந்து நண்பர் ஒரு வாரம் அதையே பேசினார். "அந்தக் கொத்தாளத் தேவர் யாருய்யா? நிக்கிறதிலேயே பயமுறுத்தறான். கழுத்துத் திரும்பறதைப் பாரு!" என்றார். பசுபதி, கூத்துப்பட்டறைக்காரர், நீங்கள் பாதியில் எழுந்துவந்தீர்களே அந்தக் குழுதான் என்றேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்போ அங்கேயே இப்படி நடிச்சிருக்க வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன். சினிமாவில் அவருக்குக் கதை இருந்தது, கழுத்தைப் பார்க்க நேரம் கிடைத்தது.

அன்றைக்கு எங்களோடு வந்த மூன்றாவது ஆளைப்பற்றிச் சொல்லவில்லையே. என் மனைவி நாடகம் முழுக்க வாயே திறக்கவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறும்போது, தானாகவே ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு குடம் தூக்கிக்கிட்டு வந்தாளே, பாத்தீங்களா?"

"குடமே இல்லையே. வெறும் கை."

"அதான் சொல்றேன். கையில ஒண்ணுமே இல்ல. ஆனா குடம் கனமா இருந்துது. இறக்கி வச்சதும் இடுப்பு உடனே நிமிரல பாருங்க, ரெண்டு தடவையா நிமிர்ந்துது. அந்தப் பொண்ணு நெஜமா தண்ணி தூக்கியிருக்கா."

அப்போது நாங்கள் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். லாரித் தண்ணீர். தினம் எட்டுக் குடம் அவள்தான் ஏற்றுவாள், நான் ஆபீஸ் போய்விடுவேன். மறுநாள் காலையில் நாலு குடம் நான் தூக்கினேன். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. பழைய ஏற்பாட்டுக்கே போய்விட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாடகத்தில் மற்றது என்ன புரிந்தது என்று கேட்டேன். "மத்தது எனக்கு எதுக்கு?" என்றாள்.

பெஞ்சில் அந்தப் பேரன் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. தாத்தா என்னிடம் தனியாக வந்து கேட்டார். பையன் அங்கே சேர்ந்தால் ஒரு வருஷம் முதுகு வளையும், கால் பலப்படும், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை, ஆனால் சினிமாவை நினைத்துப் போனால் போகவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன். சேருவதற்கு முன்னால் ஆடி மாதத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கூத்துக்கு அவனை நானே அழைத்துப்போகிறேன், விடிய விடிய உட்காரட்டும் என்று. என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவன் பிள்ளை ஆடுகிறானாம், பெண் வேஷம்தான். விலாசம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கேள்விப்பட்டு நண்பர் தானும் வருகிறேன் என்கிறார். கதை தெரிந்த நாடகம் என்றால் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். முட்டிவலிக்கு நாற்காலி வேண்டும், டாக்சியில்தான் வருவேன் என்று நிபந்தனை. டாக்சிக் காசு என் தலையில். நுங்கம்பாக்கம் போய்வந்த ஆட்டோக் காசு இன்னும் பாக்கி இருக்கிறதாம், முப்பது வருஷ வட்டியோடு.